கடலில்லாத கடற்கரையில் காணாமல் போனவர்

மணலின் மேல் ஒரு வெள்ளைச் சட்டை. அதன் மேல் ஓர் அரைக்கால் சட்டை. அதன் மேல் ஒரு வைக்கோல் தொப்பி. மூன்றும் லாண்டரியிலிருந்து அப்போதுதான் வந்தவை போல மடித்து அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

ஆள் மட்டும் இல்லை.

"குளிக்கப் போயிருக்காரு," என்றான் ரூபன்.

"எங்க?" என்றாள் வசுமதி.

ரூபன் சுற்றிலும் பார்த்தான். எதிரே பனிமூட்டம். பனிமூட்டத்துக்குள் தேயிலைக் குன்றுகள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி, தாப்பாவைத் தாண்டி, இன்னும் வெகுதூரம் மேற்கே போக வேண்டும்.

"அதான் கா. இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாரு."

வசுமதி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமரன் மலையில் உள்ள கம்போங் ராஜாவில் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள் அவள். காணாமல் போன நாய்களும், காணாமல் போக ஆசைப்படும் கணவர்களும்தான் அவளுக்கு வழக்கமான கேஸ்கள். ரூபன் அவளுடைய உதவியாளன், டிரைவர், யாரும் கேட்காத கருத்துகளைச் சொல்பவன். மூன்றாவது வேலையில்தான் அவனுக்கு அதிக ஈடுபாடு.

"வசு, எதாச்சும் சொல்லு லா," என்று பின்னாலிருந்து கெஞ்சினார் மகேன்.

கோலா தெர்லாவுக்கு மேலே நிற்கும் 'கோஸ்தா கேமரன்' ரிசார்ட்டின் முதலாளி அவர்தான். பூ வியாபாரத்தில் பெரிய ஆள். போன வருஷம் போர்த்துகல் நாட்டின் தென்கடற்கரைக்குச் சுற்றுலா போனார். வெயில், வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், மணல் எல்லாம் பார்த்துச் சொக்கிப் போனார். திரும்பி வந்ததும் தன் மலைநிலத்தில் அதே மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார். மலையின் விளிம்பில் லோரி லோரியாக மணலைக் கொட்டி, குடைகளை நட்டு, சாய்வு நாற்காலிகளைப் போட்டு, பசுமாடு அளவுக்கு ஒரு சிமெண்ட் டால்பினையும் நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கரில் நாள் முழுக்க அலைச்சத்தம் ஓடும். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் கையில்லாத சட்டை போட்டு, நடுங்கிக்கொண்டே போட்டோ எடுத்து, ஜலதோஷத்தோடு ஊர் திரும்புவார்கள்.

காணாமல் போன துவார்த்தே, அந்த நிஜமான கடற்கரையிலிருந்து வந்த முதல் விருந்தாளி. அவர் வந்த அன்று மகேன் பேஸ்புக்கில் போட்ட வரி: 'அசல் போர்த்துகல்காரரே நம்ம கடற்கரைக்குத் தேடி வந்துட்டார்!'

"இந்தக் காட்டுல வழி தவறிப் போனவன் எத்தன பேரு திரும்பவே இல்ல," என்றார் மகேன். இப்போது அவர் குரலில் வியாபாரி இல்லை. "அறுபது வயசுக்கு மேல இருக்கும் மனுஷனுக்கு. இந்தக் குளிர்ல, அதுவும் துணியே இல்லாம... நான் அவரு வீட்டுக்கு என்னன்னு சொல்வேன்?"

பின்பக்கக் காட்டில் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வேறு உதவிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

வசுமதி குனிந்து சட்டையின் காலரைப் புரட்டினாள்.

"இது யாரோட சட்ட?"

"அவரோடதுதான்."

"காலர்ல உங்க ரிசார்ட் பேரு தச்சிருக்கே."

"வர்ற கெஸ்ட்டு எல்லாருக்கும் குடுக்குறதுதான். போட்டோவுல அழகா இருக்கணும்ல? தொப்பி, செருப்பு எல்லாம் ஒரே செட்டு."

"அப்போ அவரு துணியக் கழட்டிப் போடல. உங்க வேஷத்தக் கழட்டி, மடிச்சு, மரியாதையா திருப்பிக் குடுத்திருக்காரு. ரூபா, அவரு ரூம்ல பூட்ஸும் மழைக்கோட்டும் இருக்கான்னு பாரு."

ரூபன் ஓடிப்போய்ப் பார்த்து வந்தான். "ரெண்டும் இல்ல கா. முழுசா உடுத்திக்கிட்டுத்தான் போயிருக்காரு."

"நல்லவேளை," என்றார் மகேன்.

"ஆமாண்ணே, தேடிப் போனவங்களுக்குப் பெரிய நிம்மதி," என்றான் ரூபன்.

வசுமதி மணலில் மெதுவாக நடந்தாள். கொடிக்கம்பத்தில் சிவப்புக் கொடி ஆடியது. நாற்காலிகள் எல்லாம் விளிம்பை விட்டு இழுக்கப்பட்டு, கட்டடத்துச் சுவரோரமாகக் குவிந்து கிடந்தன. மணலுக்குக் குறுக்கே, குடைக்குக் குடை ஒரு கயிறு ஓடியது.

"பேஸ்புக் போட்டோவுல பச்சக் கொடிதானே இருந்துச்சு?"

"மூணு கலர் செட்டா வாங்குனேன். எவனோ மாத்திட்டான். பரவால்ல, செவப்பும் எடுப்பாத்தான் இருக்கு."

"நாற்காலி?"

"காத்து."

"கயித்துக்கு முடிச்சுப் போட்டதும் காத்துதானாண்ணே?" என்றான் ரூபன். "இந்த மலைக் காத்துக்கு நல்ல கைவேல."

மகேன் அவனை முறைத்துவிட்டு, போனை எடுத்து நீட்டினார். "அவரு எவ்ளோ சந்தோஷமா இருந்தாருன்னு நீயே பாரு வசு. நேத்து எங்கிட்ட டான்ஸ் ஆடிக் காட்டுனாரு. வீடியோ செம ஹிட்டு."

வீடியோவில், தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். சரேலென்று கீழே இறக்கினார். தரையைக் காட்டினார். தலையில் கைவைத்துக்கொண்டு வாய் திறந்து அலறுவது போல நடித்தார். மறுபடியும் முதலிலிருந்து. பின்னணியில் மகேன் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி ஸ்டெப்புல கொஞ்சம் சோகம் ஜாஸ்தியோ?" என்றான் ரூபன்.

வசுமதி அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். நேரே வரவேற்பு அறைக்குப் போனாள். அங்கே கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள் புனிதா, விருந்தாளிகளுக்குச் சாவி கொடுக்கும் பெண்.

"காலையில அவர நாந்தான் கடைசியா பாத்தேன் மேடம். ரொம்ப அவசரமா வந்தாரு. அவரு பாஷ நமக்குப் புரியாதுல்ல? போன்ல அவரே பேசி, மலாயில மாத்திக் காட்டுனாரு."

"என்னன்னு வந்துச்சு?"

"கடற்கரை போகுதுன்னு வந்துச்சு. மெஷினு தப்பா மாத்திருச்சுபோல, கடற்கரைக்குப் போகணும்னு கேக்குறாருன்னு நெனச்சுக்கிட்டேன். நேரா போயி லெஃப்ட்ல திரும்புங்கன்னு சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டு ஓடிட்டாரு." புனிதா மூக்கை உறிஞ்சினாள். "ரைட்டுன்னு சொல்லியிருக்கணுமோ மேடம்?"

வசுமதி பதில் சொல்வதற்குள் ரூபனின் போன் கத்தியது. லோரி ஓட்டும் நண்பன் ஒருவனின் குரல்பதிவு. ரூபன் அதைச் சத்தமாகவே போட்டான்.

"டேய், நீ தேடுற வெள்ளக்காரரு வயசானவரா? காலையில மாடசாமி தோட்டத்துல ஒருத்தரு விசில் ஊதிக்கிட்டு கோபிஸுக்கு நடுவுல ஓடிக்கிட்டிருந்தாருடா. நான் ஏதோ விளையாட்டுன்னு நெனச்சேன்."

கோபிஸ் என்றால் அந்த ஊரில் முட்டைக்கோஸ்.

"மாடசாமி தோட்டம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் வசுமதி.

மகேனின் முகம் சுருங்கியது. "நமக்கு நேர் கீழதான். ஆனா அவனும் நானும் பேசுறதில்ல. நீங்க போயிட்டு வாங்க. உதவிக்கு வந்தவங்களுக்கு நான் கடற்கரையில தேத்தண்ணி குடுத்துட்டு இருக்கேன். பாவம், குளிர்ல நிக்கிறாங்க."

ரூபன் காரைக் கிளப்பினான். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது.

"என் கணிப்பு கா, இது கடத்தல்."

"கடத்துறவன் செருப்ப ஜோடியா வச்சிட்டுப் போவானா?"

"சுத்தமான ஆளா இருந்தா?"

"வாய மூடிட்டு ஓட்டுடா."

மாடசாமியின் தோட்டம் மலையடிவாரத்தில் ஒரு கைக்குட்டையைப் போல விரிந்திருந்தது. பிளாஸ்டிக் கொட்டகைகள், கோபிஸ் பாத்திகள், ஓரத்தில் ஒரு தகரக் கொட்டடி. மண்வெட்டியோடு எதிரே வந்தார் மாடசாமி. ஒல்லியான மனிதர், ஆனால் பார்வை கனமாக இருந்தது.

"அண்ணே, ஒரு வெள்ளக்காரர..."

"புடிச்சுப் பூட்டி வச்சிருக்கேன். கோழிச்சாண ஸ்டோருல. போலீஸுக்குச் சொல்லலாம்னு பாத்தா இங்க லைன் கெடைக்கல."

ரூபன் மூக்கைப் பொத்திக்கொண்டான். "அதான் வாசனையா?"

"எதுக்குண்ணே பூட்டுனீங்க?" என்றாள் வசுமதி.

"பின்ன? விடிஞ்சதும் வந்து விசில் ஊதுறான். வேல செய்யிற பொம்பளைங்க கையப் புடிச்சு ரோட்டுக்கு இழுக்குறான். யாருன்னு எனக்குத் தெரியாதா? மகேன் அனுப்புன ஆளு. இந்த நெலத்துல கார் பார்க்கிங் கட்டணும்னு எவ்ளோ நாளா கேக்குறான். நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். இப்ப தொரய வச்சு மெரட்டிப் பாக்குறான்."

அவர் மனைவி செல்லம் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். "மெரட்டுற மொகமா அது? ஜன்னல் வழியா ரொட்டி குடுத்தேன். வாங்கிக்கிட்டு, அந்த ரொட்டியாலயும் மேலயே காட்டுறாரு, அழுவுறாரு. தொறந்து விடுங்கன்னா இவரு கேக்கல தங்கச்சி."

வசுமதி கொட்டடியை நோக்கி நடந்தாள். காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து எடுத்தாள்.

கடல் சிப்பி.

"அண்ணே, கோபிஸ் பாத்தியில சிப்பி எப்புடி வந்துச்சு?"

மாடசாமி தோளைக் குலுக்கினார். செல்லம்தான் சொன்னார். "கொஞ்ச நாளாவே வருது தங்கச்சி. மழை பெஞ்ச மறுநாள் ஜாஸ்தியா இருக்கும். போன வாரம் பாசாருல ஒருத்தி கோபிஸ அறுத்தா உள்ள சிப்பி இருக்குன்னு என்னைப் புடிச்சு ஏசிட்டா."

"கடல் உணவு வெல சொல்லியிருக்கலாமே கா," என்றான் ரூபன்.

வசுமதி சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். பனிமூட்டம் மெல்ல விலகியது. தலைக்கு நேர் மேலே, மகேனின் கடற்கரையைத் தாங்கி நின்ற சுவர் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று கீழிருந்து தெரிந்தது. சுவருக்கு வயிறு தள்ளியிருந்தது. அதன் அடியில் ஒரு விரிசல். விரிசலிலிருந்து மணல், சர்க்கரை மூட்டையில் ஓட்டை விழுந்தது போல, மெல்லிய கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"ரூபா, போன்ல என்ன வந்துச்சுன்னு புனிதா சொன்னா?"

"கடற்கரை போகுதுன்னு."

"மெஷின் சரியாத்தான்டா மாத்தியிருக்கு. அவரு கடற்கரைக்குப் போகணும்னு சொல்லல. கடற்கரைதான் போகுது."

ரூபன் அண்ணாந்து சுவரைப் பார்த்தான்.

"நாற்காலிய உள்ள தள்ளுனது, கயிறு கட்டுனது, சிவப்புக் கொடி போட்டது எல்லாம் யாரும் விளிம்புக்கு வரக்கூடாதுன்னுதான். அது டான்ஸ் இல்லடா, மலை சரியுதுன்னு ஆடிக் காட்டியிருக்காரு. மேல யாருக்கும் புரியலன்னதும் கீழ இருக்கவங்களக் காப்பாத்த ஓடி வந்திருக்காரு. நாம அவரக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கோம். ஆபத்து அவருக்கில்ல, நமக்கு! அண்ணே, ஸ்டோரத் தொறங்க!"

மாடசாமி அசையவில்லை. "நீயும் மகேன் ஆளுதானே..."

அப்போது மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. பசித்த வயிறு உறுமுவது போல, ஆழத்தில், ஒருமுறை.

மாடசாமியின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. லெம்பா பெர்த்தாம் கிராமத்தைச் சேற்று வெள்ளம் மூழ்கடித்த வருஷம், வீட்டை விட்டு இந்தப் பக்கம் வந்தவர் அவர். அப்படி ஒரு சத்தத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எல்லாம் ரோட்டுக்கு ஓடுங்க!" என்று கத்தினார். "எதையும் எடுக்காதீங்க! செல்லம், ஓடு!" கத்திக்கொண்டே கொட்டடிக்கு ஓடிப் பூட்டைத் திறந்தார்.

உள்ளேயிருந்து தலைமுதல் கால்வரை கோழிச்சாணம் அப்பிய ஓர் உருவம் பாய்ந்து வந்தது. யாரையும் திட்டவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே, பாத்தியில் குனிந்திருந்த பெண்களைச் சாலைப்பக்கம் விரட்டியது. இந்த முறை யாரும் அவர் கையைத் தட்டிவிடவில்லை.

எல்லோரும் சாலையின் மறுபுறத்துக்கு ஏறிய பிறகுதான் வசுமதிக்கு மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. விளிம்பில் தலைகள். கையில் தேத்தண்ணிக் குவளைகள். தேட வந்த மொத்தக் கூட்டமும் அந்த மணலின் மேல்தான் நின்றது. கயிற்றைக்கூட யாரோ அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும்.

சாலையில் போனுக்கு லைன் கிடைத்தது.

"மகேன் அண்ணே! ஒடனே எல்லாரையும் கூட்டிக்கிட்டு கட்டடத்துக்கு அந்தப் பக்கம் போங்க! சுவர் விழப் போகுது!"

"மாடசாமி சொன்னானா?" என்று சிரித்தார் மகேன். "அவன் பேச்சக் கேக்காத லா. இஞ்சினியர் வேணாம்னு நானே நின்னு கட்டுன சுவர் அது."

"அதனாலதாண்ணே சொல்றேன்!"

"சும்மா பயமுறுத்தாத வசு. இப்பத்தான் எல்லாருக்கும் ரெண்டாவது ரவுண்டு தேத்தண்ணி ஊத்துறேன்."

ரூபன் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"அண்ணே! வெள்ளக்காரர் கெடச்சிட்டாரு! உங்க முன் கேட்டுல நிக்கிறாரு! ஒடம்புல ஒட்டுத்துணி இல்ல! டிவிக்காரங்க வேற வந்து எறங்கிட்டாங்க!"

"ஆலமாக்!" என்ற அலறல் போனிலும் மலையுச்சியிலும் ஒரே நேரத்தில் கேட்டது. விளிம்பிலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக மறைந்தன. சிலர் ஓடும்போதே போனில் கேமராவைத் திறந்திருக்க வேண்டும்.

ரூபன் போனைத் திருப்பிக் கொடுத்தான். "ஆபத்துன்னா ஒருத்தனும் அசைய மாட்டான் கா. அம்மணம்னா பறப்பான்."

சுவர் திறந்தது.

முதலில் டால்பின் வந்தது. மூக்கைக் கீழே நீட்டி, பிறந்ததிலிருந்து இதற்காகவே காத்திருந்தது போல, அழகாக ஒரு குதி. அதன் பின்னால் மணல், மஞ்சள் துணியை உதறியது போல மொத்தமாக இறங்கியது. குடைகள் விரிந்தபடியே சுழன்று வந்தன. ஸ்பீக்கர் ஒன்று பாதி வழி வரை அலைச்சத்தத்தை விடாமல் எழுப்பிக்கொண்டே வந்து, கடைசியில் அடங்கியது. பிளாஸ்டிக் கொட்டகைகள் காகிதம் போல மடிந்தன.

தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று. தகரக் கொட்டடி இருந்த இடத்தில் மணல்மேடு இருந்தது. அதன் உச்சியில் டால்பின் வாலைத் தூக்கி நின்றது.

செல்லம் கொட்டடி இருந்த இடத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாடசாமி சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, துவார்த்தேயின் சாணம் அப்பிய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். துவார்த்தே அவர் முதுகில் தட்டித் தட்டி ஏதோ சொன்னார். எந்த பாஷையானாலும் அது 'பரவாயில்லை'தான்.

மூச்சு வாங்க மகேன் வந்து இறங்கினார். "டேய் ரூபா! கேட்டுல ஒருத்தனும்..."

மேலே பார்த்தார். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற இடத்தில் இப்போது வானம் இருந்தது.

"நான் அங்கதான் நின்னேன்," என்றார் மெதுவாக. "எல்லாரையும் நாந்தான் அங்க கூப்புட்டேன்."

வசுமதி தன் போனைத் துவார்த்தேயிடம் நீட்டினாள். அவர் பேசப் பேச, அது மாற்றிக் கொடுத்ததை அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள். அவர் ஊர்க் கடற்கரையில் உயரமான பாறைச் சரிவுகள் உண்டு. எது எப்போது உடையும் என்று பார்த்து எச்சரிக்கைப் பலகை வைப்பதுதான் நகராட்சியில் அவர் உத்தியோகம். பலகையை யாரும் படிப்பதில்லை. நிழல் நன்றாக இருக்கிறதென்று, பலகைக்கு நேர் கீழேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். காலமெல்லாம் விசில் ஊதி அலுத்துப்போய், ஒரு மாதமாவது எந்தச் சரிவையும் பார்க்கக்கூடாது, கடலே கண்ணில் படக்கூடாது என்று உலகப்படத்தில் தேடித் தேடி, தேயிலை மலை ஒன்றைக் கண்டுபிடித்து வந்தாராம். வந்து இறங்கியதும் கையில் வைக்கோல் தொப்பியைக் கொடுத்துவிட்டார்களாம்.

மகேன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மாடசாமியிடம் திரும்பினார். பேசி மாதங்கள் ஆன வாய் என்பதால் வார்த்தை தடுமாறியது. "தோட்டத்த நான் பழையபடி ஆக்கித் தரேன் மாடசாமி. இந்த மலையில இனி ஒரு கூடை மணல்கூடக் கொட்ட மாட்டேன்."

"மொத அந்த மீன எடு," என்றார் மாடசாமி.

ரூபன் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அடுத்து செல்லம் சிரித்தார். யாருக்கும் அடக்க முடியவில்லை, கடைசியில் மகேனுக்கும்.

செல்லம் சாலைக்கு மேலிருந்த தன் வீட்டில் வெந்நீர் போட்டார். துவார்த்தே குளித்து, மாடசாமியின் கைலியும் குட்டையான கம்பளிச் சட்டையும் உடுத்தி வந்தபோது, எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் போலவே இருந்தார். சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். மூக்கில் நீர் வழிய மறுசோறு கேட்டார்.

"அவருக்கு என்ன வேணும்னு கேளு வசு, எதுனாலும் செய்யிறேன்," என்றார் மகேன்.

போன் மாற்றிக் கொடுத்த பதில் ஒரே வரி. வந்த நாளிலிருந்து தேயிலைச் செடியை அவர் கிட்டத்தில் பார்க்கவே இல்லை.

ரூபன்தான் ஓட்டினான். எதிர்மலையின் எஸ்டேட் பாதையில், வரிசை வரிசையாகத் தேயிலை இறங்கும் ஒரு வளைவில் காரை நிறுத்தினான். துவார்த்தே இறங்கினார். உடனே செடிகளைப் பார்க்கவில்லை. சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். பூட்ஸ் காலால் மண்ணை ஓங்கி மிதித்தார். ஒரு செடியின் தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

திருப்தியோடு தலையாட்டினார். இரண்டு வரிசைகளுக்கு நடுவில், கைலியை இழுத்து மூடிக்கொண்டு, அப்படியே மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

பனி கீழேயிருந்து ஏறி வந்து அவர் பாதங்களைத் தொட்டது.

"எழுப்பவா கா?" என்றான் ரூபன்.

"விடுடா," என்றாள் வசுமதி. "லீவுல வந்த மனுஷன்."